போனை மாற்றுவதற்கு முன் பெட்டரியை மாற்றுங்கள்



ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துப் பெற்றோர்களுக்கும், எங்களிடம் படித்து இன்று வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கும் இந்தப் பதிவு. நீளமானதுதான். தவணைக்குப் புதிய போன் எடுக்க யோசித்துக் கொண்டிருப்பவர்கள் கடை ஏறும் முன் முழுவதையும் வாசித்துவிட்டுப் போங்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "பெட்டரி நிக்குதே இல்ல சேர். பகலைக்கே செத்துப் போகுது. வேற போன் ஒன்னு எடுத்தாத்தான் சரி." இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போக எங்களால் முடியவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியதிலிருந்து வீட்டுப்பாடம், பயிற்சித்தாள், பரீட்சை அறிவித்தல் எல்லாம் வட்ஸ்அப்பில் வரும் பழக்கம் நிலைத்துவிட்டது. தோட்டத்தில் பல வீடுகளில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன். அந்த ஒன்றும் அம்மாவோடு மலைக்குப் போய்விட்டுப் பின்னேரம் வீடு திரும்பும்போது சிவப்புக் கோடுதான் மிச்சம். இது பிள்ளையின் படிப்பில் கை வைக்கிற விஷயம்.

ஏன் பெட்டரி இன்னும் இப்படியே இருக்கிறது என்று கேட்டால் நம் ஊரில் மூன்று பதில்கள் சுற்றுகின்றன. ஒன்று, நல்ல பெட்டரியைக் கம்பெனிக்காரன் ஒளித்து வைத்திருக்கிறான். இரண்டு, விஞ்ஞானிகள் மற்ற எல்லாவற்றையும் முன்னேற்றினார்கள், பெட்டரியை மட்டும் கவனிக்கவில்லை. மூன்று, அடுத்த வருடம் ஐந்து நிமிடம் சார்ஜ் போட்டால் ஒரு மாதம் நிற்கும் பெட்டரி வரப்போகிறது, யூடியூப்பில் காட்டினார்கள். மூன்றும் பிழை. மூன்றையும் நம்புகிறவர் கடைசியில் போய் நிற்கும் இடம் ஒன்றுதான்: போன் கடை. அதனால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பெட்டரி வளரவே இல்லை என்ற கதையைப் பார்ப்போம்.

நம் போனில் இருப்பது லிதியம் அயன் பெட்டரி. அதன் நேர்முனைக்கு உதவும் கோபால்ட் ஒட்சைட்டை ஒக்ஸ்ஃபோர்டில் ஜோன் குட்இனஃப் 1980இல் கண்டார். அதற்கு முன்பே வழி திறந்தவர் ஸ்டான்லி விட்டிங்ஹம். அதைப் பாதுகாப்பான பெட்டரியாக்கி 1985இல் காட்டியவர் ஜப்பானின் அகிரா யோஷினோ. சோனி நிறுவனம் 1991இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த மூவருக்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்பிலிருந்து கடைக்கு வரவே பதினொரு வருடம் சென்றிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

1991இல் ஒரு கிலோ பெட்டரியில் அடைக்க முடிந்தது சுமார் 80 வாட்-மணி மின்சாரம். இன்று நல்ல போன் பெட்டரியில் அது 250ஐத் தாண்டிவிட்டது. முப்பது சொச்ச வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல். வருடத்துக்கு நூற்றுக்கு நான்கு என்ற அளவில், நிற்காமல் வளர்ந்திருக்கிறது. எந்தத் தோட்டத்தில் விளைச்சல் முப்பது வருடமாக இப்படிக் கூடியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஆனால் பெட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் சிப்போடு ஒப்பிட்டால் இது நத்தை வேகம். 1989இல் வந்த இன்டெல் 486 சிப்பில் 12 இலட்சம் டிரான்சிஸ்டர்கள். 2023இல் ஐபோனுக்குள் வந்த ஏ17 புரோ சிப்பில் 1,900 கோடி. ஏறக்குறைய 16,000 மடங்கு. பெட்டரி மூன்று மடங்கு, சிப் பதினாறாயிரம் மடங்கு. விஞ்ஞானி தூங்கினான் என்று நாம் நினைப்பதற்குக் காரணம் இந்த ஒப்பீடுதான். அது நியாயமான ஒப்பீடு இல்லை.

சிப்பில் நடப்பது கணக்கு. ஒன்றா பூச்சியமா என்று காட்ட எவ்வளவு சிறிய அடையாளமும் போதும். பெரிய எழுத்தில் எழுதிய பாடத்தைச் சின்ன எழுத்தில் எழுதினால் அதே கொப்பியில் இன்னும் பத்துப் பாடம் எழுதலாம். பெட்டரியில் நடப்பது கணக்கு அல்ல, பொருள். ஒரு லிதியம் அணு ஓர் இலத்திரனைத்தான் தரும். அணுவைச் சிறிய எழுத்தில் எழுத முடியாது. அரிசி மூட்டையை யாரும் சுருக்கி எழுதுவதில்லை, அதுபோலத்தான்.

லிதியத்தை விட இலேசான உலோகம் உண்டா? இல்லை. ஆவர்த்தன அட்டவணையில் அது மூன்றாவது. அதற்கு முன்னால் ஐதரசனும் ஈலியமும்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆகவே "இதைவிட நல்ல உலோகத்தைக் கண்டுபிடிப்பார்கள்" என்ற பேச்சுக்கு இடமில்லை. மிச்சம் இருப்பது, அந்த லிதியத்தைத் தங்க வைக்கும் இடத்தைத் திருத்துவதுதான்.

அதை லயத்தை வைத்துச் சொல்லலாம். பெட்டரிக்குள் இரண்டு லயங்கள் எதிரெதிரே இருக்கின்றன. சார்ஜ் ஏற்றும்போது லிதியம் ஒரு லயத்திலிருந்து மற்ற லயத்துக்குக் குடிபோகிறது. போன் ஓடும்போது திரும்பி வருகிறது. போய்த் தங்கும் லயம் காபனால் கட்டியது. அங்கே ஒரு லிதியம் தங்க ஆறு காபன் அணுக்கள் சேர்ந்து ஒரு காம்பரா கொடுக்க வேண்டும். ஆள் ஒன்று, சுவர் ஆறு. பெட்டரியின் பாரத்தில் பெரும் பங்கு இப்படிச் சுவருக்கும் கூரைக்குமே போகிறது.

காபனுக்குப் பதில் சிலிக்கன் போட்டால் அதே பாரத்தில் பல மடங்கு லிதியத்தைக் குடிவைக்கலாம். ஆனால் ஆள் நிறைந்ததும் அந்த லயம் மூன்று மடங்குக்கும் மேலாகப் பருத்துவிடும். ஆள் போனதும் சுருங்கும். நாளுக்கு ஒரு தடவை வீங்கிச் சுருங்கும் சுவர் எத்தனை நாள் நிற்கும்? அதனால்தான் சிலிக்கனைக் காபனோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிறார்கள். 2023இல் சீனாவில் ஹொனர் நிறுவனம் இப்படிக் கலந்த பெட்டரியைப் போனில் போட்டது. அதன் பிறகு 6,000, 7,000 மில்லி அம்பியர்-மணி என்று போன்கள் வருகின்றன. வளர்ச்சி இப்படித்தான் வரும். ஒரு பிடி சிலிக்கன் கூட்டி, வெடிக்கிறதா என்று பார்த்து, மறுபடி ஒரு பிடி கூட்டி.

வெடிக்கிறதா என்று பார்ப்பது வெறும் பேச்சு இல்லை. காபன் லயமே வேண்டாம், லிதியத்தை உலோகமாகவே வைப்போம் என்று கனடாவின் மொலி எனர்ஜி நிறுவனம் முயன்றது. 1989இல் ஜப்பானில் அந்தப் பெட்டரி போட்ட கைத்தொலைபேசிகள் தீப்பற்றின. எல்லாவற்றையும் திரும்பப் பெற்று, நிறுவனமே நொடிந்தது. 2016 ஓகஸ்டில் சம்சுங் நோட் 7 வந்தது. மெல்லிய உடம்புக்குள் பெரிய பெட்டரி. பற்றி எரிந்ததால் இரண்டே மாதத்தில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். பெட்டரிக்குள் அடைக்கும் சக்தியைக் கூட்டக் கூட, அது ஒரேயடியாக வெளியே வந்தால் வரும் ஆபத்தும் கூடுகிறது. எங்கள் பிள்ளைகள் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கும் பொருள் இது. இந்த விஷயத்தில் ஆமை வேகத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 5,000 மில்லி அம்பியர்-மணி பெட்டரியில் முழுதாக ஏற்றினால் இருப்பது சுமார் 19 வாட்-மணி. அதை உணவுச் சக்தியாக மாற்றினால் ஏறக்குறைய 16 கலோரி. நாம் பிளேன்டீக்குப் போடும் ஒரு தேக்கரண்டி சீனியில் இருப்பதும் அவ்வளவுதான். நாலு கிராம் சீனியில் இருக்கும் சக்தியை வைக்கப் பெட்டரிக்கு எழுபது கிராம் வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சீனி எரியத் தேவையான ஒட்சிசனை நாம் மூச்சுக் காற்றில் இலவசமாக எடுக்கிறோம். பெட்டரிக்குக் காற்று இல்லை. வேண்டிய எல்லாவற்றையும் மூடிய பெட்டிக்குள் தானே சுமக்க வேண்டும். சீனி ஒரு தடவை எரிந்தால் முடிந்தது. பெட்டரியோ அதே வேலையைப் பின்னோக்கியும் செய்து, நூற்றுக்கணக்கான தடவை பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவு கடினமான வேலையை இவ்வளவு மலிவாகச் செய்யும் பொருளை "முன்னேறவில்லை" என்று சொல்வது அநியாயம்.

ஒளித்து வைத்திருக்கிறான் என்ற கதைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இன்று பெட்டரிக்குப் பெரிய சந்தை போன் அல்ல, மின்சாரக் கார். சீனாவின் சீஏடிஎல், பிவைடி, கொரியாவின் எல்ஜி, ஜப்பானின் பனசொனிக் என்று ஒருவரை ஒருவர் வீழ்த்தப் போட்டி போடுகிறார்கள். இரண்டு மடங்கு நல்ல பெட்டரி ஒருவன் கையில் இருந்தால் நாளைக்கே காரில் போட்டு உலகத்தைப் பிடித்துவிடுவான். பெட்டிக்குள் பூட்டி வைக்க மாட்டான். கம்பெனிகள் நம்மிடம் மறைக்கும் விஷயம் உண்டு. அது வேறு. அதற்கு வருகிறோம்.

பெட்டரி மூன்று மடங்கு வளர்ந்தது உண்மையென்றால் நமக்கு ஏன் அது தெரியவில்லை?

டோர்ச் லைட் வைத்த நோக்கியா 1100 ஞாபகம் இருக்கிறதா? 2003இல் வந்தது. மலையகத்தில் அது இல்லாத லயம் குறைவு. அதில் இருந்தது வெறும் 850 மில்லி அம்பியர்-மணி பெட்டரி. சும்மா வைத்திருந்தால் 400 மணித்தியாலம் வரை நிற்கும் என்றார்கள், அதாவது பதினாறு நாள். இன்றைய போனில் அதைப்போல் ஆறு மடங்கு பெட்டரி. ஒரு நாள்கூட நிற்கவில்லை என்கிறோம். ஆறு மடங்கு தந்ததை யார் தின்றது?

அந்த நோக்கியாவின் திரையில் 96க்கு 65 என்று 6,240 புள்ளிகள். இன்றைய சாதாரணப் போனின் திரையில் 25 இலட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றும் நிறத்தோடு, வெளிச்சத்தோடு, செக்கனுக்கு 60 தடவை, சிலதில் 120 தடவை புதுப்பிக்கப்படுகின்றன. அதோடு பேஸ்புக், டிக்டொக், யூடியூப். தானாக ஓடும் வீடியோ, அதற்கு நடுவில் விளம்பரம், நாம் போனைத் தொடாதபோதும் பின்னால் ஓடும் ஆப்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தை மூன்று மடங்கு ஆழப்படுத்திவிட்டுப் பத்து மடங்கு தண்ணீரைத் திறந்துவிட்டால் நீர்மட்டம் என்னவாகும்? அதுதான் போனுக்குள் நடக்கிறது. பெட்டரி செய்பவன் வருடத்துக்கு நூற்றுக்கு நான்கு கூட்டித் தருகிறான். போன் செய்பவன் அதை வெளிச்சத்துக்கும் வேகத்துக்கும் மெலிவுக்கும் செலவழித்துவிட்டு "புதிய மாடல்" என்று விற்கிறான். மிச்சம் நமக்கு எப்போதும் அதே ஒரு நாள்.

இதுவரை சொன்னது உலகம் முழுவதற்கும் பொதுவானது. நம் மலைக்கென்று தனியான ஒரு காரணம் உண்டு. அதை எந்த விளம்பரமும் சொல்லாது.

போன் டவரோடு பேசும்போது தூரத்துக்கும் தடைக்கும் ஏற்பத் தன் குரலைக் கூட்டிக் குறைக்கும். 4ஜி போனின் உச்ச அலைவலு 200 மில்லிவாட். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் போதும். நம் லயங்கள் இருப்பது மலைக்குப் பின்னால், பள்ளத்துக்குள். சிக்னல் ஒரு கோடு வரும், போகும். போன் உச்சக் குரலில் கத்திக்கொண்டே இருக்கும். சிக்னல் முற்றாகப் போனால் விட்டுவிடாமல் தேடிக்கொண்டே இருக்கும். கொழும்பில் ஒரு நாள் நிற்கும் அதே போன் மலைப் பள்ளத்தில் பகலைக்கே செத்துப் போவதற்கு இது பெரிய காரணம். போன் அதே, பெட்டரி அதே, டவர்தான் வேறு. இந்த நோய்க்குப் புதிய போன் மருந்தாகுமா? ஆகாது. புதிய போனும் அதே பள்ளத்துக்குள் வந்து அதே கத்தலைத்தான் கத்தும்.

2021இல் ஒன்லைன் வகுப்புக் காலத்தில் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் நடந்து பாறைமேல் ஏறியதும், மரத்தில் ஏறியதும் உலகச் செய்தியானது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது புதினமில்லை. பாறைமேல் ஏறிய பிள்ளைக்குப் பெட்டரியும் அங்கேதான் கரைந்தது என்பதை எந்தச் செய்தியும் எழுதவில்லை.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத விஷயம் ஒன்றும் உண்டு. இந்த நாட்டின் நீர்மின்சாரம் பிறந்த இடம் நம் ஆற்றுப் பள்ளத்தாக்குகள். பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். லக்ஷபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. பிறகு காசல்ரீ, மவுசாகலை, நோர்ட்டன் பிரிஜ், 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை. நாட்டுக்கே மின்சாரம் அனுப்பும் மலையில் வசிப்பவர்கள் நாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது போன் சார்ஜ் போட இடம் தேடி அலைந்ததும் நாம்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மண்சரிவு நாட்களில், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த சொந்தங்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூடப் போன் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. பெட்டரி நம்மைப் போன்றவர்களுக்கு ஆடம்பரம் இல்லை என்பதை இனியும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கம்பெனிகள் மறைக்கும் விஷயத்துக்கு வருவோம்.

எந்த லிதியம் பெட்டரியும் தேயும். சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் லிதியம் திரும்பி வராமல் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு ஒரு முழுச் சுற்று என்றால் இரண்டு மூன்று வருடத்தில் கொள்ளளவு நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போய்விடும். அப்போது செத்தது போன் அல்ல, அதற்குள் இருக்கும் எழுபது கிராம் பெட்டரி. திரை நல்லது, கேமரா நல்லது, சிப் நல்லது. அந்த நோக்கியாவில் பின்மூடியை நகத்தால் கழற்றிப் புதுப் பெட்டரி போட்டோம். கடை மேசையில் இரண்டு நிமிட வேலை. 2007இல் ஐபோன் பெட்டரியை உள்ளே வைத்து மூடியது. பிறகு ஒவ்வொருவராகப் பசை போட்டு ஒட்டினார்கள். மெலிவுக்காக, தண்ணீர் போகாமல் இருப்பதற்காக என்று சொன்னார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதனால் யாருக்கு வருமானம் கூடியது?

இதற்கு எங்கள் ஊகம் தேவையில்லை. பழைய பெட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமலே குறைத்ததை அப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராக 2018 முழுவதும் குறைத்தது. 2020இல் பிரான்ஸ் அரசு இதற்காக 250 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. ஆனால் நமக்கு முக்கியமானது நடுவில் நடந்தது. 2019 ஜனவரியில் அப்பிள் தலைவர் டிம் குக் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த அளவு புதிய ஐபோன் விற்காததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆட்கள் மலிவு விலையில் பெட்டரியை மாற்றிக்கொண்டார்கள் என்பது. இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுமா? பெட்டரி மலிவாக மாறினால் போன் விற்காது. இதை அவர்களே எழுதித் தந்திருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைப் புரிந்துகொண்டு சட்டம் போட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கும் ஸ்மார்ட் போன் பெட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் நூற்றுக்கு எண்பது கொள்ளளவு வைத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடம் உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும். 2027 பெப்ரவரி 18 முதல் பாவனையாளரே பெட்டரியைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் இன்னொரு சட்டம் இருக்கிறது, சில விதிவிலக்குகளோடு. யூரோவில் சம்பளம் வாங்குபவனுக்கு இந்தப் பாதுகாப்பு. நாட்சம்பளக்காரனுக்கு?

நம் கணக்கைப் போடுவோம். 2024 செப்டம்பரில் வர்த்தமானி மூலம் 1,350 ரூபாவாக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளத்தை எடுங்கள். இப்போது கொஞ்சம் கூடியிருந்தாலும் கணக்கின் போக்கு மாறாது. 50,000 ரூபா போன் என்று வைத்துக்கொண்டால் 37 முழுப் பேர். மழையில் நனைந்து, அட்டை கடி பட்டு, கூடையைச் சுமந்து 37 நாள். தவணைக்கு எடுத்தால் வட்டியோடு இன்னும் கூடும். பெட்டரி மட்டும் மாற்ற 6,000 என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேர்கூட வராது. மீதி 32 நாள் உழைப்பு தேய்ந்த எழுபது கிராமுக்காகப் போகிறது. தவணை முடியும் மாதத்தில் அந்தப் புதிய பெட்டரியும் தேயத் தொடங்கியிருக்கும். மறுபடி கடை, மறுபடி தவணை. நகைக்கடை அடகும் முற்பணக் கடனும் போதாதென்று இன்னொரு கடனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

இதைச் சொன்னால் சில இளைஞர்கள் கோபப்படுகிறார்கள். "நல்ல போன் எல்லாரும் வச்சிருக்கலாம், தோட்டத்து ஆள் மட்டும் பழசையே கட்டிக்கிட்டு அழணுமா?" கோபம் நியாயம். மலையகத்தான் குறைந்ததோடு திருப்திப்பட வேண்டும் என்று இருநூறு வருடமாகச் சொல்லியே நம்மைப் பின்னால் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைச் சொல்லவில்லை. திரை உடைந்துவிட்டதா, பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதா, வங்கி ஆப் வேலை செய்யவில்லையா, பிள்ளைக்குத் தனிப் போன் தேவையா, தாராளமாகப் புதியது எடுங்கள். பெட்டரிக்காக மட்டும் எடுக்காதீர்கள் என்பதுதான் எங்கள் வாதம். ஏமாறாமல் இருப்பதும் மரியாதைதான்.

"மாத்துற பெட்டரி எல்லாம் டூப்ளிகேட், ரெண்டு மாசத்துல வீங்கிருது" என்பது அடுத்த முறைப்பாடு. இதுவும் உண்மை. அதற்குத் தீர்வு பெட்டரி மாற்றாமல் இருப்பதல்ல, நல்ல பெட்டரியைக் கேட்டு வாங்குவது.

ஆகவே செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

வீட்டில் செய்ய வேண்டியது:

1. பெட்டரிக்கு எதிரி சூடு. நம் மலைக் குளிர் உண்மையில் பெட்டரிக்கு நல்லது. ஆனால் நாம் போனை அடுப்படித் தட்டில் வைத்துச் சார்ஜ் போடுகிறோம். அங்கே வைக்காதீர்கள். தலையணைக்குக் கீழே, போர்வைக்குள் சார்ஜ் போடவே வேண்டாம்.

2. எந்நேரமும் நூற்றுக்கு நூறு ஏற்றி வைக்கவும் வேண்டாம், பூச்சியம் வரை இறக்கவும் வேண்டாம். 20க்கும் 80க்கும் இடையில் வைத்தால் ஆயுள் கூடும். சில போன்களில் 80இல் நிறுத்தும் வசதியே இருக்கிறது.

3. சிக்னல் இல்லாத மலையில் வேலை செய்யும்போது ஏரோபிளேன் மோடில் போடுங்கள். தேநீர் நேரத்தில், சிக்னல் வரும் இடத்தில் திறந்து பாருங்கள். பின்னேரம் பிள்ளைக்குச் சார்ஜ் மிச்சம் இருக்கும்.

4. வீங்கிய பெட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், அடுப்பில் போடாதீர்கள், ஓடையில் எறியாதீர்கள். மரப் பலகையும் தகரமும் உள்ள லயத்தில் ஒரு வீட்டுத் தீ பத்து வீட்டுத் தீ. அதைப் பாவிப்பதை நிறுத்தி, வெளியே, தீப்பற்றாத இடத்தில் வைத்து, கடையிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ ஒப்படையுங்கள்.

கடையில் கேட்க வேண்டியது:

5. புதிய போன் எடுப்பதென்றால் கேமரா எத்தனை என்று கேட்பதற்கு முன், "இதுக்குப் பெட்டரி தனியா கிடைக்குமா, மாத்த எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் இல்லாத போனை எடுக்காதீர்கள்.

6. பெட்டரி மாற்றினால் பற்றுச்சீட்டும் எழுத்தில் உத்தரவாதமும் வாங்குங்கள். தர மறுத்தாலோ ஏமாற்றினாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் முறைப்பாடு நிற்காது.

ஊராகக் கேட்க வேண்டியது:

7. சிக்னல் பிரச்சினை தனி ஆளின் பிரச்சினை இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், கோவில் பரிபாலன சபை, தோட்டத் தலைவர்மார், தொழிற்சங்கங்கள் சேர்ந்து, எந்தப் பிரிவில் எந்த லயத்தில் சிக்னல் இல்லை என்று பட்டியல் போட்டுத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். மின்வெட்டில் டவரின் பெட்டரி எத்தனை மணித்தியாலம் நிற்கும் என்றும் அதில் கேட்க வேண்டும்.

8. நம் வாக்கில் பாராளுமன்றம் போனவர்களிடம் ஒரு கேள்வி: ஐரோப்பாவில் விற்கும் போனுக்கு உள்ள பெட்டரிச் சட்டம் இலங்கையில் விற்கும் போனுக்கு ஏன் இல்லை? போன் இறக்குமதிக்கு வரி வாங்கத் தெரிந்த அரசுக்கு, ஐந்து வருடம் பெட்டரி கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை போடவும் தெரிய வேண்டும்.

பெட்டரி மெதுவாகத்தான் வளரும். அது பொருளின் இயல்பு. அதற்காக யாரையும் திட்ட வேண்டியதில்லை, காத்திருக்கலாம். ஆனால் தேய்ந்த பெட்டரிக்கு முழுப் போனின் விலையை நம்மிடம் வாங்குவது பொருளின் இயல்பு இல்லை, மனிதர் போட்ட ஏற்பாடு. மனிதர் போட்டதை மனிதர் மாற்றலாம்.

இந்தத் தவணைப் பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்தில் எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது, எந்த இடத்தில் இல்லை என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். பட்டியலை நாங்கள் போடுகிறோம். வட்ஸ்அப்பில் போனை எட்டாதவர்களுக்குப் பக்கத்து வீட்டார் வாசித்துச் சொல்லுங்கள்.